இடைவேளையோடு நின்றுபோன கொலைப் படம்

கொலைகாரனைக் கண்டுபிடிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சும்மா பீற்றிக்கொள்ளவில்லை. துபாய்ப் பக்கம், புஜைராவில் நாங்கள் இருந்த கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். எனக்கு அங்கே பேரே சி.ஐ.டி அக்கா.

எல்லாம் மூன்றாவது மாடிக்காரர் ஆரம்பித்து வைத்த கூத்து. எண்ணெய் டேங்க் டெர்மினலில் இவரோடு, அதான் என் வீட்டுக்காரரோடு, வேலை பார்த்த இன்ஜினியர். மனைவி இல்லை, பிள்ளைகள் கனடாவில். மனுஷருக்கு ஒரே பைத்தியம், வெள்ளைக்காரன் காலத்துக் கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்கள். லண்டனுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பங்களா, ஓயாத மழை, பணக்காரக் கிழம் ஒன்று நாற்காலியில் செத்துக் கிடக்கும். பைப் பிடிக்கிற இன்ஸ்பெக்டர் எல்லாரையும் ஒரே ஹாலில் உட்காரவைத்துக் கதவைச் சாத்துவார். இந்த மாதிரி எத்தனை படம் வைத்திருந்தாரோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். நாங்கள் அவரைப் படக்காரர் என்றுதான் சொல்வோம்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவர் ஹாலில் கூடுவோம். நானும் இவரும், கீழே பலசரக்குக் கடை வைத்திருந்த கீழக்கரைக் குடும்பம், அப்புறம் இவருக்குக் கீழே டெக்னீஷியனாக இருந்த ஒரு தம்பியும் அவன் பெண்டாட்டியும். படக்காரர் ரிமோட்டும் கையுமாக நின்றுகொண்டு, அந்தத் துரைமார் முணுமுணுக்கிற இங்கிலீஷை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வார். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு, ஆனால் ஐந்து நிமிஷம்கூட உட்காராது. "போரிங்" என்று எழுந்து போய்விடும்.

படத்தின் பாதியில் இடைவேளை கட்டாயம் உண்டு. அஸர் தொழுகைக்குக் கீழக்கரைக்காரர்கள் போவார்கள், மற்றவர்களுக்கு டீ. அந்த நேரத்தில் ஆளுக்கொரு சீட்டில் கொலைகாரன் யார் என்று எழுதிப் பால்பவுடர் டின்னில் போடவேண்டும். தப்பாக எழுதியவர்கள்தான் அன்றைக்கு டீ கப் கழுவணும். இரண்டு வருஷத்தில் நான் ஒரு கப்கூடக் கழுவியதில்லை.

தம்பியின் பெண்டாட்டி எப்போதும் என் பக்கத்தில்தான் உட்காருவாள். புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயசு, மடியில் நாலு வயசுக் குழந்தை. "எப்டிக்கா கண்டுபிடிக்கிறீங்க, எனக்கு மட்டும் சொல்லுங்களேன்" என்று அரிப்பாள். ஒரு நாள் போனால் போகிறதென்று சொல்லிக் கொடுத்தேன்.

"கொலை விழுந்த வீட்ல எல்லாரும் பயந்துபோய் உக்காந்திருப்பாங்கல்ல? அப்ப எவ ஒருத்தி கேக்காமலே ஓடி ஓடி உதவி செய்றாளோ, அவள நல்லாப் பாத்துக்க. அவதான்."

அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அடுத்த வாரமே சரியாக எழுதிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றிச் சுற்றி ஆடினாள்.

இப்போது கசகசாவுக்கு வருகிறேன். ஊரில் அது ஒரு சாமானா? குருமாவுக்கு ஒரு ஸ்பூன் அரைத்து விடுகிறோம், அவ்வளவுதான். ஆனால் இந்த நாட்டில் அது போதைமருந்துச் செடியின் விதை. கொண்டு வந்தால் கேஸ். புதுசாக வருகிற ஒவ்வொருத்தருக்கும் முதல் பாடமே அதுதான். அந்தப் பெண் வந்திறங்கிய அன்றைக்கு அவளுக்கு அந்தப் பாடத்தை எடுத்தவளே நான்தான். பதினாறு வருஷம் இங்கே குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா?

தெரிந்தும் செய்தேன். ஏன் என்று சொன்னால் காறித் துப்புவீர்கள். கீழக்கரைக்காரர் மனைவியை எல்லோரும் லாத்தா என்போம். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர். அவர் ஒரு சனிக்கிழமை இடியாப்பமும் குருமாவும் கொண்டு வந்தார். எல்லாரும் வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள். சரி, சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். என் வீட்டுக்காரர், என் கையால் பதினாறு வருஷம் தின்று தொப்பை போட்ட மனுஷர், அத்தனை பேர் முன்னாலும் "இதுல்ல குருமா! நீயும் வைக்கிறியே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

அடுத்த மாதம் அந்தத் தம்பி அவன் தங்கச்சி வளைகாப்புக்குப் பத்து நாள் லீவில் ஊருக்குப் போனான். குழந்தைக்கு ஸ்கூல் இருந்ததால் பெண்டாட்டி இங்கேயே இருந்தாள். லீவில் போகிறவன் தலையில் எல்லாரும் பார்சலைக் கட்டுவது இங்கே வழக்கம். படக்காரருக்கு அவர் அக்கா சாம்பார் பொடி, லாத்தாவுக்கு அவர் வீட்டிலிருந்து தொதல் அல்வாவும் மசாலாத் தூளும், எனக்கு மதுரையிலிருந்து அம்மா கொடுக்கிற பொடிகள்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "குருமாப் பொடில கொஞ்சம் கசகசா சேத்து அரைச்சிரும்மா. பொடியோட பொடியா. ஒருத்தனுக்கும் தெரியாது."

"ஏண்டி, அங்கதான் ஆகாதுன்னுவியே?"

"அட, நீ போடும்மா. எனக்குத் தெரியாதா."

பக்கத்தில் இவர் நகம் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்தது. அடுத்த விரலுக்குப் போனார். அந்தத் தம்பி கிளம்பும்போது, "அக்கா, உங்கம்மா குடுக்கப்போறதுல ஏடாகூடமா ஒண்ணும் இருக்காதுல்ல?" என்று கேட்டான். "வெறும் பொடிதான் தம்பி" என்றேன், அவன் கண்ணைப் பார்த்து.

அவன் திரும்பி வரவேண்டியது ஒரு சனிக்கிழமை. மத்தியானம் ஃப்ளைட் இறங்கும், நேராகப் படத்துக்கே வந்துவிடுவான் என்று அவன் பெண்டாட்டி கூந்தலை நன்றாகப் பின்னி, மல்லிகைப்பூ கிடைக்காமல் பிளாஸ்டிக் பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குப் படத்தில் ஒரு ரிட்டயர்டு ஜட்ஜ் சாகிறார். யாரோ கோகோவில் எதையோ கலந்துவிட்டார்கள். வீட்டில் ஆறு பேர். இடைவேளை விட்டாயிற்று. சீட்டு எழுதி டின்னில் போட்டாயிற்று. லாத்தாவும் அவர் வீட்டுக்காரரும் தொழுதுவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்தார்கள். தம்பி பெண்டாட்டியின் போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க, எறங்கியாச்சா?" என்று சந்தோஷமாகத்தான் எடுத்தாள். அப்புறம் பேச்சே இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"ஏர்போர்ட்ல புடிச்சு வச்சிருக்காங்களாம். பெட்டில கசகசா இருந்துச்சாம். குருமாப் பொடி பாக்கெட்டுக்குள்ள தனியா ஒரு சின்னப் பொட்டலமா முடிஞ்சு இருந்துச்சாம். அவருக்கு அது யாரு பாக்கெட்டுன்னே தெரியல. வெயிட் கூடிருச்சுன்னு எல்லார் பையையும் பிரிச்சு ஒண்ணாக் கொட்டி அடுக்கிக் கொண்டாந்திருக்காரு. யாரோடது? சொல்லுங்க, யாரோடது?"

தனிப் பொட்டலம் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா அரைக்கவில்லை. முழுசாக முடிந்து வைத்துவிட்டாள்.

படக்காரர் உடனே, விசா, போலீஸ் விவகாரமெல்லாம் பார்க்கிற கம்பெனி பி.ஆர்.ஓவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டோம். பி.ஆர்.ஓ தெளிவாகச் சொன்னார்: பெட்டி அவனுடையது, அதனால் கேஸ் அவன் மேல்தான். ஆனால் அந்தப் பொட்டலத்துக்குச் சொந்தக்காரர் நேரில் வந்து, அது என்னுடையது, சமையலுக்குக் கேட்டேன், கொண்டுவந்தவனுக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தால் அவன் தப்பிக்க வழி இருக்கிறது. இல்லையென்றால் உள்ளே இருந்துவிட்டு, வேலையும் போய், இனி இந்த நாட்டுக்கே வரமுடியாதபடி ஊருக்குப் போகவேண்டியதுதான்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். பதினாறு வருஷக் குடித்தனம் அந்த ஒரு பார்வையில் பேசி முடித்தது. எங்கள் பெண் பத்தாவது படிக்கிறாள். நான் வாயைத் திறந்தால் உள்ளே போவது நான், வேலை போவது இவருக்கு. இவர் லேசாகத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதுகூட ஒரு மாதிரி மன்னிக்கலாம், பயந்துவிட்டாள் என்று சொல்லலாம். ஆனால் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். படக்காரரே, "நீங்க சொல்லுங்கம்மா, உங்களுக்குத்தான் இதெல்லாம் பிடிபடும்" என்றார். சுவர் டிவியில் அந்தப் படம் நிறுத்தினபடி நின்றது. இன்ஸ்பெக்டர் பைப்பை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

நான் லாத்தா பக்கம் திரும்பினேன்.

"லாத்தா, கோவிச்சுக்காதீங்க. நல்லா நெனச்சுப் பாருங்க. உங்க வீட்டு மசாலாத் தூள்ல ஏதும்... பிரியாணிக்கு, குருமாவுக்குன்னு நீங்கதான கசகசா அரைச்சு விடுவீங்க? உங்க வீட்ல தெரியாமக்கூட வச்சிருக்கலாம்ல?"

லாத்தாவுக்குப் பாவம், முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் முகம் வெளுத்துப்போய்விட்டது. "யா அல்லா! என்னம்மா பேசுறிய? நாங்க இங்கன முந்திரிதான் அரைக்கிறோம். எங்க கடையில இதெல்லாம் தெரியாமயா இருப்போம்? படைச்சவன் மேல ஆணையா நான் ஒண்ணும் கேக்கல" என்றார்.

"அதான் லாத்தா, நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. வீட்ல உள்ளவங்க பாசத்துல..." என்று நான் இழுத்தேன். என் வீட்டில் நடந்ததையே எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவ்வளவு சுலபமாக வந்தது.

லாத்தாவின் வீட்டுக்காரர் எழுந்தார், மனைவியின் கையைப் பிடித்தார், வெளியே போனார். அதற்கப்புறம் அவர்கள் அந்த ஹாலுக்கு வரவே இல்லை. அவர்கள் எழுந்து போனதே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி என்று இவர் சொன்னார். படக்காரரும் ஆமாம் என்றார். ஒரு வாரத்தில் எங்கள் தெருத் தமிழர் பாதிப் பேர் வேறு கடைக்கு மாறினார்கள். லாத்தா கடை வாசலில் என்னைப் பார்த்தால் உள்ளே போய்விடுவார். எனக்கு அதுவும் நிம்மதியாக இருந்தது. வெட்கம் கெட்ட நிம்மதி.

அந்த வாரம் அம்மா போன் செய்தாள். "குருமா வச்சியாடி? அரைச்சா சிக்கு வாசம் வந்துரும்னுதான் கசகசாவத் தனியா முடிஞ்சு உள்ள வச்சேன். பாத்தியா?"

"பாத்தேம்மா."

"மாப்ள என்ன சொன்னாரு?"

"நல்லா இருக்குன்னாரும்மா" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு உதவி என்றால் உதவி, அப்படி ஒரு உதவி செய்தேன். தினம் மத்தியானம் கேரியரில் சாப்பாடு. குழந்தையை ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு வருவேன், குளிப்பாட்டுவேன், ஊட்டிவிடுவேன். இவர் தன் பங்குக்கு, பையன் நல்லவன் என்று கம்பெனி லெட்டரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை எல்லாரிடமும் இரண்டு தடவை சொன்னார். கட்டடம் முழுக்க எங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

அவள் இளைத்துக்கொண்டே போனாள். வாசல் கதவை எப்போதும் திறந்தே வைத்திருப்பாள். நான் போனால் கேரியரை வாங்கிக்கொள்வாள். நான் திரும்பும்போது மட்டும் கேட்பாள்: "வேற ஒண்ணும் இல்லையாக்கா?"

முதல் நாள் ஊறுகாய் கேட்கிறாளோ என்று நினைத்து மேலே போய் எடுத்து வந்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள். மறுநாளும் அதே கேள்வி. "வேற ஒண்ணும் இல்லையாக்கா?" அப்பளம் கொண்டு போனேன். அதற்கடுத்த நாளும் கேட்டாள். இதென்னடா, இவ்வளவு செய்தும் இவளுக்குப் பத்தவில்லையே என்று எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது. "இல்லம்மா, நீ மொதல்ல சாப்பிடு" என்று அதட்டிவிட்டு வந்துவிடுவேன். அவன் உள்ளே இருந்த நாட்களில் ஒரு நாள் விடாமல் கேட்டாள்.

நாற்பது நாள் போல இருக்கும். தீர்ப்பு வந்தது. பி.ஆர்.ஓ சொன்ன மாதிரியேதான். வேலை போயிற்று, விசா கேன்சல், இனி வர முடியாது. அவனை உள்ளேயிருந்து நேராக ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போய் ஏற்றி அனுப்பினார்கள். அவன் இந்த வீட்டை மறுபடி பார்க்கவே இல்லை. அவள் ஒண்டியாக எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள். நான்தான் அட்டைப்பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கிளம்புகிற அன்று காலையில் என் வீட்டு மணி அடித்தது. குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுவித் துடைத்த என் கேரியர் இன்னொரு கையில். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது, கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுக்கவேண்டும் இல்லையா? மேல் தட்டில் ஏதோ இருந்தது, ஆடியது. சர்க்கரைப் பொட்டலம் என்று நினைத்துத் திறந்தேன். நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது.

டைப்பிங் சென்டரில் எடுத்த பிரிண்ட். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிய லிஸ்ட் ஒன்றைப் போட்டோ எடுத்திருக்கிறார்கள். எழுத்தைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. என் அம்மா எது கொடுத்துவிட்டாலும் லிஸ்ட் எழுதிப் பையில் போடுவாள். எனக்கு அது மறந்தே போயிருந்தது. பருப்புப் பொடி ஒண்ணு. இட்லிப் பொடி ஒண்ணு. குருமாப் பொடி ஒண்ணு. அதற்குக் கீழே, நீ கேட்ட கசகசா தனியா முடிஞ்சு குருமாப் பொடிக்குள்ள இருக்கு, அரைக்கல, கெட்டுப்போகும்.

"அவர் பிரிச்சுப் போட்ட பையெல்லாம் அவரு தங்கச்சி வீட்லதான் கெடந்துச்சு" என்றாள். குரல் ஏறவே இல்லை. "புடிச்ச மறுநாளே தங்கச்சி போட்டோ எடுத்து அனுப்பிருச்சு. அன்னிக்கே பிரிண்ட் எடுத்துட்டேன், போலீஸ்ல குடுக்கலாம்னு. அவரு ஜெயில்லேர்ந்து பேசுறப்ப சொன்னேன். குடுக்காத, சார்தான் லெட்டர் குடுக்குறாரு, அவரப் பகைச்சுக்கிட்டா நமக்கு யாரு இருக்கான்னாரு. அப்பறம், அக்காவே வந்து சொல்லுவாங்க, பொம்பளப் புள்ள வச்சிருக்கவங்க, பயத்துல இருப்பாங்க, கொஞ்சம் பொறுத்துப் பாருன்னாரு. நானும் தெனம் கதவத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

நான் தாளை மறுபடி நாலாக மடித்தேன்.

"போட்டோ வராம இருந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்கும்க்கா. மொத நாளு நீங்க கேரியரோட வந்தீங்க பாருங்க, அப்பவே. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

அதற்குமேல் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால், தலைமுடியைப் பிடித்து ஆட்டியிருந்தால், நான் கீழே விழுந்து காலைப் பிடித்திருப்பேன் என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். பொய்யாகவும் இருக்கலாம். குழந்தையின் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்து, கடைசியாக ஒரு தடவை கேட்டாள்.

"வேற ஒண்ணும் இல்லையாக்கா?"

கீழே கடை திறந்துதான் இருந்தது. லாத்தா அங்கேதான் இருந்தார். என்னோடு இறங்கி வந்து அவரிடமாவது ஒரு வார்த்தை சொல்லச் சொல்கிறாளோ என்னவோ. மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாளோ என்னவோ. எதைச் சொல்லியிருந்தாலும் அவள் ஏற்றுக்கொண்டிருப்பாள், அப்படித்தான் நின்றாள்.

உள்ளேயிருந்து இவர் குரல் கொடுத்தார். "யாரு அங்க? என்னவாம்?"

"ஒண்ணும் இல்லீங்க. கேரியர் குடுக்க வந்திருக்கா" என்றேன்.

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். லிஃப்ட் வந்தது, ஏறிக்கொண்டாள். குழந்தை மட்டும் கதவு மூடுகிற வரைக்கும் எனக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தது.